பனித்தளத்தில் யாரும் அடிக்கவில்லை... ஆனாலும் காயம்! - ஜப்பான் ஃபிகர் ஸ்கேட்டிங்கின் மறுபக்கம்

2010 பிப்ரவரி. கனடாவின் வான்கூவர் நகரில் குளிர்கால ஒலிம்பிக். ஆண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங் இறுதிச் சுற்றில், சார்லி சாப்ளின் இசைக்கு ஆடிக்கொண்டிருந்தார் 22 வயது ஜப்பானிய இளைஞர் ஒருவர். பாதி ஆட்டத்தில் சட்டென்று நின்றார். இசையும் நின்றது. நேராக நடுவர்களிடம் போய்த் தன் காலைக் காட்டினார். ஷூ லேஸ் அறுந்திருந்தது!

அவசர அவசரமாக லேஸைக் கட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து ஆடி முடித்தார். ஆட்டம் நின்றதற்காக மதிப்பெண் பிடித்தார்கள். கிடைத்தது ஏழாவது இடம். பேட்டியில் குலுங்கிக் குலுங்கி அழுத அந்த முகத்தை ஜப்பானே பார்த்தது, சேர்ந்து வருத்தப்பட்டது.

அவர் பெயர் நொபுனாரி ஓடா. 16-ம் நூற்றாண்டில் ஜப்பானைக் கலக்கிய போர்த்தலைவன் ஓடா நொபுனாகாவின் வழிவந்தவர் என்று அறியப்படுபவர். ஜாலியான பேச்சு, சட்டென்று வரும் கண்ணீர் என டி.வி ரசிகர்களுக்கும் செல்லப்பிள்ளை.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, அதே ஓடா மறுபடியும் செய்திகளில் வந்தார். இந்த முறை கோர்ட் வாசலில்.

2017-ல் ஒசாகா பகுதியில் உள்ள கன்சாய் பல்கலைக்கழகத்தின் ஐஸ் ஸ்கேட்டிங் அணிக்கு அவர் மேலாளராகப் பொறுப்பேற்றிருந்தார். அவர் படித்ததும் அங்கேதான். 2019 செப்டம்பரில் அந்தப் பதவியை விட்டு விலகினார். நவம்பரில், அதே தளத்தில் பயிற்சி கொடுத்துவந்த மூத்த பெண் பயிற்சியாளர் ஒருவர் மீது ஒசாகா மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு போட்டார். கேட்ட நஷ்டஈடு 1.1 கோடி யென்.

அடித்தார் என்றோ, பணத்தை ஏமாற்றினார் என்றோ அவர் சொல்லவில்லை. தன்னைத் திட்டினார், வணக்கம் வைத்தாலும் கண்டுகொள்ளாமல் ஒதுக்கினார், அதனால் உடல்நலமே கெட்டது என்பதுதான் ஓடாவின் புகார். பயிற்சியாளர் அதை முழுமையாக மறுத்தார். தன் பெயரைக் கெடுத்துவிட்டதாக அவரும் எதிர்வழக்கு போட்டார்.

2023 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. ஓடாவின் வழக்கு தள்ளுபடி. அதோடு முடியவில்லை. பொதுவெளியில் குற்றம் சுமத்தி பயிற்சியாளரின் நற்பெயரைக் குலைத்ததற்காக 22 லட்சம் யென் கொடுக்கும்படி ஓடாவுக்கே உத்தரவு வந்தது.

வழக்கில் யார் சரி, யார் தவறு என்று தீர்ப்பு சொல்வது நம் வேலை இல்லை. கோர்ட் சொல்லிவிட்டது. ஆனால், இந்த வழக்கு எழுப்பும் கேள்வி ஒன்று இருக்கிறது. ஒலிம்பிக் வீரர், டி.வி பிரபலம், மேலாளர் பதவியில் இருந்தவர்... இத்தனை பலம் உள்ள ஒருவருக்கே, பனித்தளத்துக்குள் நடப்பதாக அவர் சொன்ன ஒன்றைப் பேச கோர்ட்டும் பத்திரிகையாளர் சந்திப்பும்தான் கிடைத்தன என்றால், அங்கே காலையில் ஸ்கேட் ஷூவை மாட்டிக்கொண்டு நிற்கும் 11 வயதுப் பெண் குழந்தை எங்கே போய்ச் சொல்லும்?

ஐஸ் யார் கையில் இருக்கிறது?

ஃபிகர் ஸ்கேட்டிங்கை நாம் பார்ப்பது பெரும்பாலும் ரீல்ஸில்தான். மினுமினுக்கும் உடை, இசை, நான்கு சுற்றுத் தாவல், ரசிகர்கள் வீசும் பொம்மை மழை. 2016-ல் வந்த 'யூரி ஆன் ஐஸ்' அனிமே மூலம் இந்த விளையாட்டுக்கு ரசிகர்களான இளைஞர்களும் உண்டு. ஆனால், அந்த நான்கு நிமிட ஆட்டத்துக்குப் பின்னால் இருக்கும் நிர்வாகம் வேறு மாதிரி.

ஜப்பானில் ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும் ஐஸ் ரிங்குகள் குறைவு. குளிரூட்டிப் பராமரிக்கும் செலவு அதிகம் என்பதால், புகழ்பெற்ற ரிங்குகளே மூடப்பட்ட கதைகள் உண்டு. பின்னாளில் இரண்டு முறை ஒலிம்பிக் தங்கம் வென்ற யுசுரு ஹன்யு சிறுவனாக இருந்தபோது, சென்டாய் நகரில் அவர் பழகிய ரிங்க் 2004-ல் மூடப்பட்டது. பிறகு திறக்கப்பட்ட அந்த ரிங்க், 2011 பூகம்பத்தில் சேதமாகி மறுபடி மூடிக் கிடந்தது. அவர் ஊர் ஊராகப் போய்ப் பயிற்சி எடுத்தார்.

பகலில் ரிங்க் பொதுமக்களுக்கு. அதனால், போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகளுக்குக் கிடைப்பது பள்ளிக்கு முந்தைய அதிகாலையும், ரிங்க் மூடிய பிறகான இரவும்தான். கிளப்புகள் அந்த நேரத்தை வாடகைக்கு எடுக்கின்றன. அந்த நேரத்தில் யார் ஐஸில் இறங்கலாம், யாருடைய இசை முதலில் ஒலிக்கும், யார் காத்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் அங்குள்ள பெரிய பயிற்சியாளர்கள் தீர்மானிப்பார்கள்.

இது சின்ன விஷயம் இல்லை. ஒருவருடைய இசை ஒலிக்கும்போது மற்றவர்கள் அவருக்கு வழிவிட வேண்டும் என்பது ஸ்கேட்டிங்கின் எழுதப்படாத சட்டம். ஒரு பிள்ளையைப் பழிவாங்க நினைத்தால் கையை ஓங்கவே வேண்டாம். இசைக்கான முறையைத் தள்ளிப்போடலாம். தாவப் போகும் நொடியில் பக்கத்தில் வந்து போகலாம். உடை மாற்றும் அறையில் அவள் நுழைந்ததும் பேச்சை நிறுத்தலாம். வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு எதுவுமே நடந்திருக்காது.

இந்தக் கட்டமைப்புக்குள் பெற்றோரும் சிக்கிக்கொள்கிறார்கள். பயிற்சிக் கட்டணம், ஷூ, பிளேடு, உடை, நடன அமைப்பு, போட்டிக்குப் போகும்போது பயிற்சியாளரின் பயணச் செலவு வரை குடும்பம்தான் தாங்க வேண்டும். அதிகாலையில் கார் ஓட்டி, சாப்பாட்டு டப்பாவோடு ரிங்க் ஓரம் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள். எந்தப் பிள்ளை பயிற்சியாளருக்குச் செல்லம் என்பதைப் பொறுத்து, அந்த பெஞ்சில் அம்மாக்களுக்குள்ளும் மேல்தட்டு, கீழ்தட்டு உருவாகிவிடும்.

'பிடிக்கவில்லையென்றால் கோச்சை மாற்றிவிடலாமே?' என்று நமக்குத் தோன்றும். பக்கத்தில் வேறு ரிங்க் இருந்தால்தானே! பல ஊர்களில் பயிற்சியாளரை மாற்றுவது என்றால், வீட்டையும் பள்ளியையும் சேர்த்து மாற்றுவது என்று அர்த்தம். ஒரே ரிங்கில் இன்னொரு பயிற்சியாளரிடம் போனாலோ, பழைய பயிற்சியாளரின் முகத்தில் தினமும் விழிக்க வேண்டும்.

'இஜிமே'யும் மூன்று 'ஹரா'க்களும்

கும்பலாகச் சேர்ந்து ஒருவரை ஒதுக்கிக் கொடுமைப்படுத்துவதை ஜப்பானில் 'இஜிமே' என்கிறார்கள். பள்ளிகளில் இது பெரிய பிரச்னை. ஒட்சு நகரில் 2011-ல் ஒரு மாணவன் இதனால் உயிரை மாய்த்துக்கொண்டது நாட்டையே உலுக்கியது. 2013-ல் இஜிமேயைத் தடுக்கத் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள்.

பெரியவர்கள் உலகத்துக்கு வேறு சொற்கள். 'ஹராஸ்மென்ட்' என்ற ஆங்கிலச் சொல்லைச் சுருக்கி 'ஹரா' என்று ஆக்கிவிட்டார்கள். மேலதிகாரி தன் அதிகாரத்தால் நசுக்கினால் 'பவாஹரா'. பாலியல் சீண்டல் என்றால் 'செக்குஹரா'. பேசாமல் இருப்பது, குத்திப் பேசுவது, புறக்கணிப்பது என்று மனதை நோகடித்தால் 'மோராஹரா'. ஓடா வழக்கில் அடிபட்டது இந்த மூன்றாவது சொல்தான்.

பவாஹராவைத் தடுக்கும் பொறுப்பு நிறுவனங்களுக்கு உண்டு என்று சொல்லும் சட்டம் 2019-ல் நிறைவேறி, 2020 ஜூனில் பெரிய நிறுவனங்களுக்கும், 2022 ஏப்ரலில் சிறிய நிறுவனங்களுக்கும் அமலுக்கு வந்தது. நல்ல சட்டம்தான். ஆனால், அது முதலாளி - ஊழியர் உறவுக்கான சட்டம். காசு கொடுத்துப் பயிற்சிக்கு வரும் குழந்தை யாருக்கும் ஊழியர் இல்லை. தன்னார்வ கிளப், தனிப் பயிற்சியாளர், வாடகை ரிங்க் என்று சிதறிக் கிடக்கும் இடத்தில் 'நிர்வாகம்' என்று யாரைப் போய்ப் பிடிப்பது?

இதில் கலாசாரமும் சேர்ந்துகொள்கிறது. சீனியரை 'செம்பாய்' என்றும் ஜூனியரை 'கோஹாய்' என்றும் சொல்வார்கள். செம்பாய் சொன்னால் கோஹாய் கேட்க வேண்டும். சபையில் என்ன மனநிலை நிலவுகிறது என்பதைச் சொல்லாமலே புரிந்து நடப்பதை 'காற்றைப் படிப்பது' என்பார்கள். காற்றைப் படிக்கத் தெரிந்த குழந்தை, புகார் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதையும் படித்துவிடும்.

ஐந்தாவது வந்தவருக்கு ஒலிம்பிக் டிக்கெட்!

கிளப்புக்கு மேலே இருப்பது ஜப்பான் ஸ்கேட்டிங் சம்மேளனம். திறமையான சிறுவர், சிறுமிகளைக் கண்டுபிடிக்க 1992-லிருந்து நாகானோ மாகாணத்தின் நொபேயாமாவில் முகாம் நடத்துகிறார்கள். ஷிசுகா அரகாவா, மாவோ அசாதா, ஹன்யு என்று பல நட்சத்திரங்கள் வந்த வழி அது. தேறியவர்களைத் தரம் பிரித்து, ஆண்டுதோறும் உதவிக்கான பட்டியலை சம்மேளனம் வெளியிடும். வெளிநாட்டுப் போட்டிகளுக்கு யாரை அனுப்புவது என்பதும் சம்மேளனத்தின் கையில்தான். அதாவது, மேலே ஏற ஒரே ஒரு ஏணி.

அந்த ஏணியில் நிற்பவர்களின் பதற்றத்துக்கு 2013 டிசம்பர் நல்ல உதாரணம். சோச்சி ஒலிம்பிக்குக்கு ஆண்கள் பிரிவில் மூன்று இடங்கள். தேசியப் போட்டியில் ஹன்யு முதலிடம், தட்சுகி மச்சிதா இரண்டாமிடம், தகஹிகோ கொசுகா மூன்றாமிடம். நான்காவது வந்தவர் நம் ஓடா. காயத்தோடு ஆடிய டைசுகே தகஹாஷி ஐந்தாமிடம். ஆனால், மூன்றாவது டிக்கெட் போனது தகஹாஷிக்கு!

இது விதிமீறல் இல்லை. தேசியப் போட்டி மட்டுமே அளவுகோல் கிடையாது, முந்தைய சாதனைகளும் தரவரிசையும் கணக்கில் வரும் என்று விதியே சொல்கிறது. 2010 ஒலிம்பிக்கில் வெண்கலம், அதே ஆண்டில் உலக சாம்பியன் பட்டம் என்று தகஹாஷியின் சாதனையும் சாதாரணமானது இல்லை. ஆனாலும், கடைசி முடிவு ஒரு மேஜையைச் சுற்றி எடுக்கப்படும்போது, அந்த மேஜையில் இருப்பவர்களைப் பகைத்துக்கொள்ளும் துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்? ஓடா அந்த வாரமே கண்ணீரோடு ஓய்வை அறிவித்தார்.

ஸ்கேட்டிங்கில் தாவலின் உயரத்தை அளக்க முடியும். ஆனால் நளினத்துக்கும் இசை உணர்வுக்கும் மதிப்பெண் போடுவது மனிதர்கள்தான். 2002 சால்ட் லேக் ஒலிம்பிக்கில் நடுவர் ஒருவர் அழுத்தத்துக்குப் பணிந்ததாக வெடித்த சர்ச்சைக்குப் பிறகு, உலக அளவில் மதிப்பெண் முறையையே மாற்றினார்கள். 'மேலிடத்துக்குப் பிடித்தவர்' என்ற பேச்சுக்கு இந்த விளையாட்டில் எப்போதும் இடமிருக்கிறது.

அந்த மேலிடமும் சர்ச்சைகளுக்குத் தப்பவில்லை. 2006-ல் நிதி முறைகேட்டு விவகாரத்தில் சம்மேளனத்தின் முன்னாள் தலைவரே கைதானார். அதன் பிறகு தலைமைக்கு வந்தவர் செய்கோ ஹஷிமோடோ. ஸ்பீடு ஸ்கேட்டிங்கில் ஒலிம்பிக் பதக்கம் வென்றவர், அரசியல்வாதியும்கூட. 2014 சோச்சி ஒலிம்பிக்குக்கு ஜப்பான் அணியின் தலைவராகப் போயிருந்தார். அங்கே நடந்த ஒரு விருந்தில் அவர் தகஹாஷியைக் கட்டியணைத்து முத்தமிட்டதாக, அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு வார இதழ் படங்களோடு செய்தி போட்டது.

ஹஷிமோடோ வருத்தம் தெரிவித்தார். தான் அதைச் சீண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை என்றார் தகஹாஷி. ஒலிம்பிக் கமிட்டியும் நடவடிக்கை எடுக்கவில்லை. தகஹாஷி சொன்னதைச் சந்தேகிக்க நமக்குக் காரணம் இல்லை. ஆனால், ஒரு சம்மேளனத்தின் தலைவரைப் பற்றி அந்தச் சம்மேளனத்தின் வீரரிடம் கேள்வி கேட்கும்போது, அந்த வீரருக்கு வேறு பதில் சொல்லும் சுதந்திரம் இருக்கிறதா என்ற கேள்வியை அன்று பலரும் எழுப்பினார்கள். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக் அமைப்புக் குழுவின் தலைவராக ஹஷிமோடோ வந்தபோது அந்தப் பழைய படம் மறுபடி சுற்றியது. ஆணும் பாதிக்கப்படலாம், பெண்ணும் அதிகாரத்தில் இருக்கலாம் என்று பலர் யோசித்துப் பார்க்க அது காரணமானது.

32 கிலோவில் நின்ற முள்

கொடுமை எப்போதும் இன்னொருவரிடமிருந்து வர வேண்டும் என்றில்லை. அந்தச் சூழலே போதும். அகிகோ சுசுகி அதற்கு சாட்சி.

கல்லூரியில் சேர வீட்டை விட்டு சென்டாய்க்குப் போனபோது அவருக்கு வயது 18. 'இன்னும் கொஞ்சம் ஒல்லியானால் இன்னும் நன்றாகத் தாவலாம்' என்ற எண்ணம் பிடித்துக்கொண்டது. சாப்பாட்டைக் குறைத்தார். சில மாதங்களில் எடை 48 கிலோவிலிருந்து 32 கிலோவுக்கு இறங்கியது. ஒரு கட்டத்தில் உணவைப் பார்த்தாலே பயம். இதையெல்லாம் அவரே பின்னாளில் வெளிப்படையாகப் பேசினார்.

சுசுகியின் கதை முடிந்த விதம்தான் முக்கியம். அவர் வீடு திரும்பி, அம்மாவின் கவனிப்பில் மெல்ல மெல்ல மீண்டார். பயிற்சியாளர் ஹிரோஷி நாகாகுபோ அவரைக் கைவிடவில்லை. 2010, 2014 என இரண்டு ஒலிம்பிக்கிலும் எட்டாவது இடம். 2012-ல் உலகப் போட்டியில் வெண்கலம். 2013 டிசம்பரில் முதல் முறையாகத் தேசிய சாம்பியன் ஆனபோது அவருக்கு வயது 28. பதின்ம வயதிலேயே ஓரங்கட்டப்படும் விளையாட்டில், காத்திருக்கத் தெரிந்த ஒரு பயிற்சியாளரும், பதக்கத்தைவிட மகளின் உயிரைப் பெரிதாக நினைத்த ஓர் அம்மாவும் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு சுசுகி உதாரணம்.

எல்லோருக்கும் அப்படிக் கிடைப்பதில்லை. இரண்டு முறை உலக சாம்பியனான மிகி அண்டோ, 2013-ல் தான் ஒரு பெண் குழந்தைக்குத் தாயானதை அறிவித்தார். திருமணம் பற்றியோ குழந்தையின் அப்பா பற்றியோ அவர் சொல்லவில்லை. உடனே ஊடகங்கள் துரத்தத் தொடங்கின. அவர் குழந்தை பெற்றதை ஆதரிக்கிறீர்களா என்று ஒரு வார இதழ் வாசகர்களிடம் ஆன்லைனில் கருத்துக்கணிப்பே நடத்தியது! கண்டனம் கிளம்பிய பிறகு அந்த இதழ் மன்னிப்பு கேட்டது.

ஹன்யுவுக்கும் தப்பவில்லை. 2023 ஆகஸ்டில் திருமணத்தை அறிவித்தவர், நவம்பரிலேயே பிரிவை அறிவித்தார். பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதும் அவதூறும் தாங்க முடியாத அளவுக்குப் போய்விட்டதாக அவர் அறிக்கை சொன்னது. ரிங்குக்குள் ஆரம்பிக்கும் கோஷ்டி மனப்பான்மை, ரசிகர்கள் வழியாக வீட்டு வாசல் வரை வந்துவிடுகிறது.

ஜெயித்தவர்கள் எப்படி ஜெயித்தார்கள்?

ஃபிகர் ஸ்கேட்டிங்கை மட்டும் குறைசொல்வது நியாயம் இல்லை. ஜப்பான் விளையாட்டு உலகம் முழுக்க இந்தக் கதை இருக்கிறது. 2012 டிசம்பரில், ஒசாகாவில் பள்ளி பாஸ்கெட்பால் அணியின் கேப்டனான மாணவன், பயிற்சியாளரின் தொடர் அடிக்குப் பிறகு உயிரை மாய்த்துக்கொண்டான். அடுத்த மாதமே, தேசிய ஜூடோ அணியின் 15 வீராங்கனைகள் பயிற்சியாளர் தங்களை அடித்தது பற்றி ஒலிம்பிக் கமிட்டியிடம் புகார் கொடுத்திருந்த செய்தி வெளியானது. தலைமைப் பயிற்சியாளர் பதவி விலகினார்.

2018-ல் இன்னும் பெரிய பெயர். நான்கு ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற மல்யுத்த வீராங்கனை கவோரி இச்சோ. பழைய பயிற்சியாளரை விட்டு விலகி டோக்கியோவுக்குப் போய்ப் பயிற்சி எடுத்ததிலிருந்து அவர் நெருக்கடிக்கு ஆளானதாக, வழக்கறிஞர் மூலம் அரசுக்கே புகார் போனது. மல்யுத்தக் கூட்டமைப்பு முதலில் மறுத்தது. பிறகு, வெளியாட்கள் கொண்ட விசாரணைக் குழு பவாஹரா நடந்ததை உறுதி செய்தது. பயிற்சியாளர் பதவியை இழந்தார்.

இந்த இரண்டு புகார்களிலும் ஒற்றுமை ஒன்று இருக்கிறது. ஜூடோவில் 15 பேர் சேர்ந்து பேசினார்கள். இச்சோ விஷயத்தில் வழக்கறிஞரும், வெளியிலிருந்து வந்த விசாரணைக் குழுவும் இருந்தன. இரண்டு புகார்களும் சொந்த விளையாட்டு அமைப்பைத் தாண்டிப் போயின. மேலும், அடி, தேர்வில் புறக்கணிப்பு என்று கையில் பிடித்துக் காட்டக்கூடிய விஷயங்கள் இருந்தன.

ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஒவ்வொருவரும் தனித்தனித் தீவு. பக்கத்தில் நிற்பவர் தோழியும் போட்டியாளரும். யார் யாருக்குச் சாட்சி சொல்வார்கள்? அதுவும், 'அவர் எனக்கு வணக்கம் வைக்கவில்லை' என்பதற்கு என்ன ஆதாரம் காட்டுவது? கோர்ட்டுக்குத் தேவை நிரூபணம். நிரூபிக்க முடியாவிட்டால், குற்றம்சாட்டப்பட்டவரின் பெயரையும் அது காப்பாற்றியாக வேண்டும். அதுவும் நியாயம்தானே? அதனால்தான் இப்படிப்பட்ட விஷயங்கள் கோர்ட் வரை போவதற்கு முன்பே, இரண்டு தரப்பையும் உட்காரவைத்துக் கேட்கும், ரிங்குக்கும் சம்மேளனத்துக்கும் வெளியே உள்ள ஓர் இடம் தேவைப்படுகிறது. அப்படி ஓர் இடம் இல்லாதபோது புகார் கொடுத்தவர், புகாருக்கு உள்ளானவர் இருவருமே காயப்பட்டுத்தான் வெளியே வருகிறார்கள்.

என்ன மாறியிருக்கிறது?

2013 ஏப்ரலில் ஜப்பானின் பெரிய விளையாட்டு அமைப்புகள் சேர்ந்து 'விளையாட்டில் வன்முறையை ஒழிப்போம்' என்று உறுதிமொழி எடுத்தன. அடுத்த ஆண்டு ஜப்பான் விளையாட்டுச் சங்கம் புகார்களுக்கான ஆலோசனை மையத்தைத் தொடங்கியது. ஆனாலும், 2020 ஜூலையில் 'ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்' அமைப்பு வெளியிட்ட அறிக்கை அதிர்ச்சி கொடுத்தது. குறைந்தது 50 விளையாட்டுகளைச் சேர்ந்த 800-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டார்கள். இணையவழிக் கேள்விகளுக்குப் பதில் சொன்ன, 24 வயது வரையுள்ளவர்களில் 19 சதவிகிதம் பேர் அடி, உதை வாங்கியதாகச் சொன்னார்கள்.

சமீப ஆண்டுகளில் ஆலோசனை மையத்துக்கு வரும் புகார்கள் கூடிக்கொண்டே போகின்றன. அதில் அதிகம் வருவது, சொல்லால் நோகடிப்பது பற்றியவை. பேசத் துணிந்தவர்கள் கூடியிருக்கிறார்கள் என்று இதை நல்லவிதமாகவும் எடுத்துக்கொள்ளலாம். கை ஓங்குவது கேவலம் என்று ஆன பிறகு, கோபம் வாய்க்கு இடம் மாறியிருக்கிறது என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

ஃபிகர் ஸ்கேட்டிங்கில் உலக அளவில் ஒரு முக்கிய மாற்றம் வந்தது. சீனியர் போட்டிக்கான குறைந்தபட்ச வயதை 15-லிருந்து 17-ஆகப் படிப்படியாக உயர்த்த, 2022 ஜூனில் சர்வதேச ஸ்கேட்டிங் யூனியன் முடிவெடுத்தது. 2024-25 சீஸனிலிருந்து 17 வயது விதி முழுமையாக அமலில் இருக்கிறது. உடல் வளர்வதற்கு முன்பே பிள்ளைகளைப் பிழிந்தெடுக்கும் அவசரம் இதனால் கொஞ்சமாவது குறையும் என்பது நம்பிக்கை.

ஆனால், வயது வரம்பு உயர்ந்தாலும் ரிங்குகள் இன்னும் குறைவுதான். அதிகாலை ஐஸ் நேரத்தை யார் பங்கிடுவது என்பதும் மாறவில்லை. அந்த நேரத்தைப் பிரிக்கும் பட்டியலை எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டினாலே பாதிப் பிரச்னை தீரும். பயிற்சியாளரை மாற்றும் குடும்பத்தைத் துரோகியாகப் பார்க்காமல் இருந்தால், இன்னும் கொஞ்சம் தீரும்.

மறுபடியும் பனியில்...

ஓடா என்ன ஆனார்? வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, 2022-ல் போட்டிகளுக்குத் திரும்பினார். 2024 டிசம்பரில் ஒசாகாவில் நடந்த தேசியப் போட்டியில், தன் வயதில் பாதியே ஆன பையன்களோடு மோதினார். 37 வயதில் நான்கு சுற்றுத் தாவலை ஆடி, நான்காவது இடம். 2013-ல் அவரை ஓய்வுக்கு அனுப்பிய அதே நான்காவது இடம்தான். ஆனால், இந்த முறை அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

அவர் திரும்பி வந்தார். திரும்பி வராதவர்களை நமக்குத் தெரியாது. ஒரு நாள் காலையில் 'இனிமே நான் போகல' என்று ஷூவைக் கழற்றி மூலையில் வைத்துவிட்ட பிள்ளைகளின் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது. 'அவளுக்கு ஆர்வம் போய்விட்டது' என்று அக்கம்பக்கத்தில் சொல்லி முடித்துவிடுவார்கள்.

ஜப்பானில் ஐஸ் ரிங்க் என்றால், நம் பக்கத்தில் நீச்சல் குளம், ஷட்டில் கோர்ட், நடன வகுப்பு. பயிற்சி முடிந்து வரும் பிள்ளையிடம் "இன்னைக்கு ஜெயிச்சியா?" என்று கேட்பது நம் எல்லோருக்கும் பழக்கம். அதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். "இன்னைக்கு உன்கூட யாரெல்லாம் பேசினாங்க?"

பதில் வரக் கொஞ்சம் நேரமானால், போனை ஓரமாக வைத்துவிட்டுக் காத்திருங்கள்.